நான்கு மணித் தந்தி

லண்டன்
3 அக்டோபர் 1940

அன்புள்ள மிஸஸ் பெக்,

முழங்கால் வலி தேவலையா? நம் வீட்டு நடனக் கூடத்தில், குண்டுவீச்சில் வீடிழந்த துறைமுகத்துக் குடும்பங்கள், தினம் நானூறு பேர் சாப்பிடுகிறார்கள். தொண்டர் படைக்கு நான் தலைவி. என்னிடம் இருபது சீமாட்டிகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கும் வெங்காயம் வதக்கத் தெரியாது. நேற்று ஒரு பெண்மணி கிண்ணத்தை என்னிடமே நீட்டினாள். "சீமாட்டியம்மா, இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா? எங்க வீட்டு மேல குண்டு போட்டவனே தேவல!" கூடமே சிரித்தது. அவள் சொன்னது சரி.

லண்டனின் சிறந்த விருந்து என் மேசையில்தான் என்ற பெயர், நீங்கள் இங்கே சமையல்காரியாக இருந்தபோது உங்கள் கையால் வந்தது. மறுபடி வாருங்கள்.

ரோசமண்ட் தர்ல்பி

நார்ஃபோக்
8 அக்டோபர் 1940

மதிப்புக்குரிய சீமாட்டி அவர்களுக்கு,

முழங்கால் அப்படியேதான். "உனக்கென்ன பைத்தியமா? ஊரே லண்டனை விட்டு ஓடி வருது, நீ உள்ள போறேங்கிற!" என்கிறாள் தங்கை. ஆனாலும் வருகிறேன். அன்று அம்மா சாகக் கிடக்கிறாள் என்ற தந்தி தாமதமாகி, அவளை உயிரோடு பார்க்க முடியாமல் போனபோது, விடியலில் உங்கள் காரிலேயே என்னை ரயிலடிக்கு அனுப்பினீர்கள். சவப்பெட்டி மேல் உங்கள் தோட்டத்து வெள்ளை லில்லி. அதை மறந்தால் நான் மனுஷியா?

அடுத்த வியாழன் வருகிறேன். சூப்புக்கு ஆகும், எலும்புகளை வீசிவிடாதீர்கள்.

பணிவுடன்,
ஈடித் பெக்

லண்டன்
11 அக்டோபர் 1940

மிஸஸ் பெக்,

நீங்கள் கிளம்பும் முன் இது உங்களிடம் சேர வேண்டும்.

தந்தி தாமதமாக வரவில்லை. அன்று நம் வீட்டில் பெரிய விருந்து; மாலை நான்கு மணிக்கே வந்துவிட்டது. பட்லர் ஹாப்டே தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "பெக்கம்மாவுக்குங்க. அவங்க அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு சொல்லிட்டிருந்தாங்களே..." என்றார். உங்கள் ஊருக்கு அன்றைய கடைசி ரயில் ஆறரைக்கு. எனக்கோ இருபத்து நான்கு விருந்தினர். அதில் ஒருவர் தூதர். உறையை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதினொரு மணிக்கு, கடைசிக் காபிக் கோப்பையும் போன பிறகு, "இப்பதான் வந்துச்சு" என்று உங்களிடம் கொடுத்தேன். காரும் லில்லியும் அதற்காகத்தான்.

சிறுவயதில் கன்னிமடப் பள்ளியில் சிஸ்டர்கள் எவ்வளவோ முயன்றும் மன்னிப்புக் கேட்க நான் கற்கவில்லை. இன்று கேட்கிறேன். பொய்யான நன்றியின் பேரில் உங்களைக் குண்டுகளுக்கு நடுவே அழைக்க மாட்டேன். நீங்கள் வராவிட்டாலும் கூடத்தை மூடமாட்டேன். வெங்காயம் வதக்க நானே கற்றுக்கொள்வேன்.

ரோசமண்ட் தர்ல்பி

நார்ஃபோக்
14 அக்டோபர் 1940

சீமாட்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். கட்டிய பெட்டியைப் பிரித்தேன்.

இன்று காலை மறுபடி கட்டினேன். அந்த நானூறு பேரா என் தந்தியைப் பூட்டி வைத்தார்கள்? வியாழன் வேண்டாம், புதனே வருகிறேன். உங்களுக்காக அல்ல. மன்னிப்பு என்னால் ஆகுமா என்று தெரியவில்லை, கேட்காதீர்கள்.

சமையலறை என் பொறுப்பு. நீங்கள் கீழே இறங்கி வரக்கூடாது. சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள். கைக்கு வந்த உடனே படிப்பேன்.

ஈடித் பெக்