ங் வீட்டுச் சம்பந்தம்

ரெய்னர்ஸ் லேன்
லண்டன், 8 பெப்ரவரி 2004

அன்பு மகள் கிளறிற்றாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. கவுன்சிலுக்காக ஊரெல்லாம் நடந்து கண்ட இடத்தில் நிறுத்திய கார்களில் அபராத டிக்கெட் ஒட்டுகிறவனின் முழங்காலுக்கு மாதாவும் என்னதான் செய்வா.

உன் கடிதமும் படமும் கிடைத்தன. சிங்கப்பூருக்கு வேலைக்கென்று போன பிள்ளை, அங்கே ஒரு சீனப் பெடியனைக் கண்டு, ஜூனில் கல்யாணம் என்று இரண்டே பக்கத்தில் எழுதிவிட்டாய். அம்மா திரும்பத் திரும்ப வாசித்தா. அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். கடைசியில், "பெடியன் சோறு தின்னுமோ?" என்று கேட்டா. எங்களைவிடக் கூடத் தின்கிற ஆக்கள் என்றேன். வீட்டுக் கோபத்தில் பாதி அதோடு தீர்ந்தது. மீதிப் பாதி என்னுடையது.

போன் எடுத்திருக்கலாம். எடுத்தால் அம்மா மேல்மாடி ரிசீவரைத் தூக்கிவிடுவா. அவ பேசி முடிய, போன் கார்ட்டில் காசும் முடிந்துவிடும். எனக்குக் கடைசியில் கிடைப்பது "அப்ப சரி பிள்ளை" மட்டும்தான். ஆகவே எழுதுகிறேன்.

படத்தின் பின்னால் ஆங்கிலத்தில் 'மார்ட்டின் என்.ஜி.' என்று எழுதியிருக்கிறாய். இனிஷலைப் பின்னுக்குப் போடுவது அவர்கள் வழக்கமாக்கும். 'என்' தகப்பன் பெயரா? 'ஜி' பாட்டன் பெயரா, ஊரா? பெடியன் கத்தோலிக்கன் என்கிறாய், சந்தோஷம். ஆனாலும் எந்த ஊர், ஆர் ஆக்கள் என்று தெரியாமல், பிளேன் ஏறி வந்து, உன் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போக என்னால் ஏலாது. முதலில் அந்த இரண்டு எழுத்துக்கும் விளக்கம் எழுது.

அன்புடன்
அப்பா


சிங்கப்பூர்
19 பெப்ரவரி 2004

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மார்ட்டினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது அவனுக்கு.

அது இனிஷல் இல்லை அப்பா. இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே பெயர். குடும்பப் பெயர். மூக்கால் சொல்ல வேண்டும். 'சங்கு' என்று சொல்லத் தொடங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளதை விழுங்கிவிட்டால் நடுவில் என்ன மிஞ்சும்? ங். அதுதான் அவர்கள் பெயர்.

சீனத்தில் இதற்கு ஒரே எழுத்துத்தான். உச்சரிப்புத்தான் ஊருக்கு ஊர் மாறும். மார்ட்டினின் ஆக்கள் தியோச்சூ பேசுகிறவர்கள், அவர்கள் வாயில் 'ங்'. பினாங்குப் பக்கம் ஹொக்கியன் பேசுகிறவர்களில் பலருக்கு அதே எழுத்து 'ஊய்'. ஹொங்கொங்காரருக்கு 'வொங்'. பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாண்டரினில் 'ஹுவாங்'. அந்தக் காலத்தில் கப்பலால் இறங்கியவனிடம் கிளாக்கர் பேர் கேட்டிருக்கிறார், காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். மார்ட்டினின் ஒன்றுவிட்ட தம்பியைப் பள்ளிக்கூடத்தில் மாண்டரின்படி பதிந்ததால், ஒரே வீட்டில் அவன் ஹுவாங், இவன் ங்.

ஜூன் மாதம் கோயிலில் நாள் எடுத்தாயிற்று. நீங்கள் வரமாட்டீர்கள் என்றால் வேறு யாரையும் கையைப் பிடிக்கச் சொல்லமாட்டேன். தனியாகவே நடப்பேன். மிரட்டவில்லை, சொல்கிறேன்.

உங்கள்
கிளறிற்றா


ரெய்னர்ஸ் லேன்
2 மார்ச் 2004

அன்பு மகளுக்கு,

அம்மாவை 'சங்கு' சொல்லிப் பழக்கினேன். "இருமல் மாதிரிக் கிடக்கு. இதைச் சொல்லி ஆரையேன் கூப்பிட்டால் தண்ணி கொண்டு வந்து தருவினம்," என்கிறா.

நான் சும்மா இருக்கவில்லை. விசாரிக்கத்தானே வேண்டும். நம்மிடையே ஒரு சம்பந்தம் என்றால் ஊரில் ஒரு அருள்நேசனையோ கல்யாணசுந்தரத்தையோ கேட்டால் மூன்று தலைமுறையும் வந்து விழும். சீனருக்கு யாரைக் கேட்பது? ஸ்டேஷனடியில் சீனச் சாப்பாடு விற்கிற டேக்-எவேக்காரர் மிஸ்டர் வொங்கிடம் போனேன். போன பிறகுதான் ஞாபகம் வந்தது, மார்கழியில், நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நின்ற அவருடைய கடை வானுக்கு டிக்கெட் ஒட்டியவன் நான்தான் என்று. அவருக்கு அது முதலே ஞாபகம் இருந்தது. இரண்டு பேருக்குக் காணும் பொரித்த சோறு வாங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"ங் எண்டால் எந்த ங்?" என்றார்.

அதில் வேறு வேறு இருக்கிறதாம் பிள்ளை. ஹொங்கொங்காரன் ங் என்றால் அது வேறு எழுத்தாம். அந்த எழுத்தை மாண்டரினில் 'வூ' என்பார்களாம், ஹொக்கியனில் 'கோ' என்பார்களாம். சிங்கப்பூர்த் தியோச்சூக்காரன் ங் என்றால் அது மிஸ்டர் வொங்கின் எழுத்தாம். சரி, வொங் என்றால் எல்லாம் ஒன்றா என்று கேட்டேன். இல்லையாம், வொங்கிலும் இரண்டு எழுத்தாம். எனக்குத் தலை சுற்றியது. அவர் இறால் பொரிக்கப் போய்விட்டார்.

வந்தது ஒரு பெடியன். இப்போது ங், ஊய், வொங், ஹுவாங், வூ, கோ என்று ஒரு கூட்டமே வாசலில் நிற்கிறது. இதில் யாருக்கு நான் பெண் கொடுக்கிறேன்? இவ்வளவு பெயர் வைத்திருக்கிற ஆக்களை நான் பொலிஸ் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மிஸ்டர் வொங் தன் மெனுத் தாளின் பின்பக்கம் இரண்டு ங்கின் எழுத்தையும் கீறித் தந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ட்டினின் அப்பாவிடம் காட்டி, எது தங்களுடையது என்று கேள். எண்ணெய்க் கறைக்கு மன்னிக்கச் சொல்லு.

அப்பா


சிங்கப்பூர்
14 மார்ச் 2004

அன்புள்ள அப்பா,

மெனுவை வாங்கி, மார்ட்டினின் அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டார். பிறகு இரண்டாவது எழுத்தில் விரலை வைத்து, "இந்த வொங் எங்கட ஆள்," என்றார். எழுத்தும் நல்ல வடிவாம். பிறகு தாளைத் திருப்பி விலைகளைப் பார்த்துவிட்டு, "லண்டனில இறால் இவ்வளவு விலையோ?" என்றார். ஆகவே உங்கள் மிஸ்டர் வொங் மாப்பிள்ளை வீட்டுக்காரர். இனி அவருடைய வானுக்கு டிக்கெட் ஒட்டாதீர்கள்.

'ஆர் ஆக்கள்' என்று கேட்டீர்களே, அதையும் கேட்டேன். முன்னொரு காலத்தில் சீனாவில் ஹுவாங் என்று ஒரு சின்ன நாடு இருந்ததாம். பக்கத்துப் பெரிய நாடு வந்து அதை விழுங்கிவிட்டதாம். ஓடித் தப்பிய சனம் நாட்டின் பெயரையே தங்கள் பெயராக்கிக் கொண்டதாம். நாடு போய் ஆயிரக்கணக்கான வருஷம், பெயர் மட்டும் மிச்சம். அவர் இதைச் சொன்னபோது எனக்கு ஊரில் விட்டுவிட்டு வந்த எங்கள் வீடு ஞாபகம் வந்தது அப்பா.

இனி ஒரு சங்கடமான விஷயம். கோபப்படாதீர்கள். கோயிலுக்குக் கொடுத்த பத்திரங்களில் நான் கிளறிற்றா கஸ்பர். உங்கள் பாஸ்போட்டில் நீங்கள் கஸ்பர் சூசைப்பிள்ளை. தகப்பனுக்கும் மகளுக்கும் வேறு வேறு குடும்பப் பெயர். மார்ட்டினின் அப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளையைத் தத்து எடுத்ததோ? அதில ஒண்டும் இல்லை, தெரிஞ்சால் நல்லது," என்று கேட்டிருக்கிறார். ஆர் ஆக்கள் என்று அவர்களும் விசாரிக்கத்தானே வேண்டும்.

கிளறிற்றா


ரெய்னர்ஸ் லேன்
28 மார்ச் 2004

அன்பு மகளுக்கு,

முதலில் கோபம்தான் வந்தது. உன் மூக்கைப் பார்த்த பிறகும் யாராவது தத்துப் பிள்ளை என்பார்களா? அந்த மூக்குக்காக அம்மா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. அவ சிரித்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "ஊர்ச் சனத்தையெல்லாம் ஆர் ஆர் எண்டு கேட்டுத் திரிஞ்சியள். இப்ப உங்களையும் ஒருத்தர் கேட்டுப்போட்டார்," என்றா.

அந்த மனுஷனுக்கு இப்படிச் சொல்லு. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்கு. ஹீத்ரோவில் வந்திறங்கியபோது உன் பத்திரத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள், என் பெயரை எழுதினேன். என்னுடையதில் கேட்டார்கள், என் அப்பாவின் பெயரை எழுதினேன். இரண்டும் சரி. ஆனால் எழுதி முடித்தபோது ஒரே குடும்பம் இரண்டாகப் போயிருந்தது. உன் சித்தப்பாவைப் பிரான்சில் 'மிசியே சௌசை' என்கிறார்கள். பெரியப்பா கனடாவில் வெறும் 'பில்லை'. ங் வீட்டாரைப் பற்றிப் பொலிஸ் படக் கதை எழுதினேன், அதை வாபஸ் வாங்குகிறேன்.

உன் ஹுவாங் நாட்டுக் கதையை அம்மாவுக்கு வாசித்தேன். நாங்களும் அப்படி விட்டு வந்த ஊரின் பெயரை வைத்திருந்தால் நீ இன்றைக்குக் கிளறிற்றா பாசையூர். யோசித்துப் பார்த்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. போனில் சொல்ல ஏலாதது. வேலைத்தலத்தில் நான் 'மிஸ்டர் பிள்ளை'. கோயிலில் 'அண்ணை'. அம்மாவுக்கு நான் 'இஞ்சாருங்கோ'. இந்த லண்டனில் கஸ்பர் என்று என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் உயிரோடு இருக்கிற ஒரே இடம் உன் பெயரின் பின்பக்கம்தான். உன் வங்கியிலிருந்து இங்கே தபால் வந்தால், உறையில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பேன். ஜூனுக்குப் பிறகு அதுவும் ங் ஆகிவிடும். ஊர், ஆக்கள் என்று நான் போட்ட சத்தமெல்லாம் இதுக்குத்தான் போல. எனக்கே இப்போதுதான் விளங்கியது. வருவதைப் பற்றி யோசித்து எழுதுகிறேன்.

அப்பா


சிங்கப்பூர்
17 ஏப்ரல் 2004

அன்புள்ள அப்பா,

உங்கள் விளக்கத்தைச் சொன்னேன். மார்ட்டினின் அப்பா ஆச்சரியப்பட்டார். "தலைமுறைக்குத் தலைமுறை புதுப் பேர் எண்டால் உங்கட ஆக்களை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?" என்றார். போன் எடுத்துக் கேட்போம் என்றேன்.

அப்பா, மார்ட்டினின் அம்மாவின் பெயர் என்ன தெரியுமா? லிம். கல்யாணம் கட்டி, மூன்று பிள்ளை பெற்று, இன்னும் லிம்தான். சீனர் வழக்கத்தில் பெண் தன் பெயரை விட்டுக் கொடுப்பதில்லை. என் பெயருக்கு ஆகுமென்று நினைத்து நீங்கள் பயந்தது அவர்களிடம் இல்லவே இல்லை. நான் கிளறிற்றா கஸ்பராகவே இருப்பேன். ஜூனுக்குப் பிறகும், வயது போன பிறகும். வங்கித் தபாலும் அப்படியே வரும்.

இப்போதாவது வருவீர்களா?

கிளறிற்றா கஸ்பர்


ரெய்னர்ஸ் லேன்
18 ஏப்ரல் 2004

அன்பு மகளுக்கு,

யோசித்தேன். வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. இந்த முறை என் பெயரில் யாரோ அடித்த டிக்கெட்.

கல்யாணம் முடிந்து நீங்கள் இங்கே வரும்போது ஹாரோவில் ஒரு மண்டபத்தில் விருந்து வைக்கிறோம். அழைப்பு அடிக்க வெம்பிளிக்குப் போனேன். 'திரு. மார்ட்டின் ங், திருமதி கிளறிற்றா ங்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சடிக்கிற இராஜேந்திரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, மெய்யெழுத்தில சொல் தொடங்காது."

"இனித் தொடங்கும்," என்றேன்.

"முன்னால ஒரு 'இ' போடுவம். 'இங்' எண்டால் வாசிக்க லேசு."

"அந்த 'இ' அவையின்ரை இல்லை தம்பி. ஏற்கெனவே அந்தப் பேரில ஆளாளுக்குக் கை வைச்சாச்சு. நாங்களாவது சும்மா விடுவம்."

சின்ன வகுப்பில் ங, ஙா, ஙி, ஙீ என்று ஒரு வரிசை முழுக்க எழுதி எழுதிக் கை உளைந்திருக்கிறது பிள்ளை. அதில் ஒரு சொல்லும் தொடங்காது. பிறகு ஏன் படிக்க வேண்டும் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "எழுதடா" என்றார். நான் உருப்படியாகப் படித்தது கொஞ்சம். அதிலும் பிரயோசனமில்லை என்று நினைத்திருந்த ஒன்றுதான் கடைசியில் மருமகனாக வந்திருக்கிறது.

என் பெயரைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. நீ திருமதி ங் என்று அச்சில் பார்த்தேன். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. கார்ட் எல்லாம் அடித்து வீட்டுக்கு வந்தாயிற்று.

அப்பா


ரெய்னர்ஸ் லேன்
1 மே 2004

அன்பு மகள் கிளறிற்றா கஸ்பருக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் ஆகாயத்தில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நான் ஒரு பெட்டி நிறைய ங் அடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, நீ கஸ்பரை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதுகிறாய். அம்மா கடிதத்தை வாசித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தா. பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. "ஒரு போன் எடுத்திருக்கலாம்," என்றா.

திரும்ப அடிக்கக் கேட்டால் இராஜேந்திரன் அழுதுவிடுவான். அதனால் சாப்பாட்டு மேசையில் கார்ட்டுகளைப் பரப்பி, 'கிளறிற்றா'வுக்கும் 'ங்'குக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடத்தில் பேனாவால் என் பெயரை எழுதுகிறேன். ங்கை வெட்ட மனம் வரவில்லை, அதுவும் கிடக்கட்டும். "அச்சுப் பிழை எண்டு நினைக்கப் போகினம்," என்கிறா அம்மா. நினைக்கட்டும். என் கையெழுத்து மோசம் என்று உனக்குத் தெரியும். ஆனால் எழுத எழுத அலுக்கவில்லை.

முதல் கார்ட்டை மிஸ்டர் வொங்குக்குக் கொடுத்தேன், மாப்பிள்ளை வீட்டுக்காரர் அல்லவா. விருந்துக்கு இறால் தன் பொறுப்பு என்றார். பேனாவால் எழுதியதைக் காட்டி, "இது ஆரின்ரை பேர்?" என்றார். "என்ரை," என்றேன்.

இன்று காலை ஸ்டேஷனடியில் நடந்து போகும்போது, "மிஸ்டர் கஸ்பர்," என்று பின்னால் ஒரு குரல். பழக்கமில்லாததால் நான் பாட்டுக்கு நடந்தேன். மிஸ்டர் வொங் வானால் இறங்கி வந்து இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று தெரிந்து திரும்பினேன்.

வான் நின்ற இடம் மஞ்சள் கோடு. நான் பார்க்கவில்லை.

அன்புடன்
அப்பா
கஸ்பர்