ஈரல் நெஞ்சில்தான் இருக்கிறது

ஜூலை 8, 2025

மட்டாஞ்சேரியே மழையில் நனைகிறது, மாமிக்கு மீன்காரனோடு சண்டை. சிரித்துக்கொண்டேதான் ஸ்கேனுக்குப் போனேன். டாக்டர் ஸுப்ரியா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் பிள்ளைக்கு ஓட்டையாம். குடல் மேலே ஏறி நுரையீரலை நெருக்குகிறதாம். தலைச் சுற்றளவோடு ஒப்பிட்டு நுரையீரலை அளந்தார். போதாதாம். அவர் பேசிய மலையாளம் கடையநல்லூர்க்காரிக்கு எங்கே புரியும்? என் வீட்டுக்காரர்தான் தமிழில் சொன்னார். பிறந்தால் மூச்சு விடுமா என்று கேட்டேன். டாக்டர் எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 9

சோறு இறங்கவில்லை.

ஜூலை 15

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. முடிவு கேட்க இவர் மட்டும் உள்ளே போனார். வந்து, "ஈரல் நெஞ்சுலதான் இருக்கு, ஷம்சி" என்றார்.

ஈரல் என்றால் நுரையீரல்தானே, அது அதன் இடத்தில் இருக்கிறது! "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தியேவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த சேச்சிகள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே. மாமி தேங்காய்ச்சோறு ஆக்கினார்கள். இவர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பசிக்காதா என்ன?

ஆகஸ்ட் 12

பாழாய்ப்போன ஈரல்.

டாக்டர் படம் வரைந்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் பெரிதாக ஒன்றைப் போட்டு, "கரள்" என்றார். இறைச்சிக்கடையில் தினமும் கேட்கிற சொல். இவர் அன்று சொன்ன ஈரல் இதுதான், கல்லீரல். வயிற்றில் இருக்க வேண்டியது. அதுவும் மேலே ஏறிட்டா பிழைக்கிறது அபூர்வமாம். அப்போ ஒரு மாசமா நான் எதுக்கு அல்ஹம்துலில்லாஹ்ன்னு ஷுக்ர் பண்ணேன்? யா அல்லாஹ்!

பஸ்ஸிலேயே இவரைப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ சிரிச்சியே. பின்னே எப்படித் திருத்துறது?"

வைட்டிலா வரும்வரை திட்டினேன். பிறகு அழுதேன், அவர் தோளில்தான். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

செப்டம்பர் 20

நன்றாக உதைக்கிறது. உள்ளே இருக்கும்வரை அதற்கு மூச்சுக் கவலை இல்லை. இப்படியே இருந்துவிடேன் தங்கம்.

நவம்பர் 6

பெண். இவர் மூக்கு அப்படியே. அழுகை கேட்கவில்லை — வாயில் குழாய்.

நவம்பர் 7

ரஹீனா என்று பெயர் வைத்து அடக்கம் செய்தார்கள்.

நவம்பர் 16

பால் நிற்கவே மாட்டேன் என்கிறது. பெற்ற உடம்புக்கு ஆட்டு ஈரல் வேண்டும் என்று மாமி இவரைக் கடைக்கு விரட்டினார்கள். வெறுங்கையோடு வந்தார்.

"ஈரல் தீர்ந்துபோயி உம்மா."

கடை எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. கொக்கியில் ஈரல் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அவரைத் திருத்தவில்லை.