கலந்து பேசியவர் கையொப்பம்

மார்ச் 3

அன்புள்ள ஆமைக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலம்தானே? அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் அவரைக் கைப்பிடித்துத்தான் நடத்துகிறாயா? விட்டுவிடு, அவர் பாட்டுக்கு நடப்பார். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இத்துடன் படிவம் இருக்கிறது. மூன்று வருடம் ஓடிவிட்டது, மறுபடியும் என் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். செய்த வேலை ஒன்றைத் திரும்பிப் பார்த்து, எங்கே தவறினேன், என்ன கற்றேன் என்று எழுதி, அதைச் சக சமூகப் பணியாளர் ஒருவரோடு கலந்து பேசியதாகக் கையொப்பம் வாங்க வேண்டும். நமக்குள் நாமே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பதினெட்டு வருடம் தள்ளிவிட்டோம். கடைசி நாள் முப்பத்தொன்று. விடுதியில் உனக்கு ஆமை என்று பேர் வைத்தது சும்மாவா? நீ வரி வரியாக ஊர்ந்து முடிப்பதற்குள் தேதி போய்விடும், படிக்காமலே போடு.

இந்த முறை அந்த ஒன்பது வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன். கையில் சூட்டுக் காயத்தோடு இருந்ததைப் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தார்களே, அவள்தான். மேலதிகாரி படித்துவிட்டு, "இவ்வளவு நேர்மையா யாரும் எழுதுனதில்ல. புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சியில இதைத்தான் கொடுக்கப் போறேன்" என்றார். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருக்கிறது.

உன்
எக்ஸ்பிரஸ்


மார்ச் 9

அன்புள்ள எக்ஸ்பிரஸுக்கு,

அவர் நன்றாக இருக்கிறார். பதில் போடாதது என் தப்புதான்.

குறிப்பை மூன்று முறை படித்தேன். செப்டம்பர் 14, மாலை நாலு மணிக்கு நீ அந்த வீட்டுக்குப் போனதாகவும், பெண் காய்ச்சலில் தூங்குவதாகத் தாய் சொன்னதாகவும், அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு எழுப்பாமல் திரும்பியதாகவும் எழுதியிருக்கிறாய். "எழுப்பிப் பேசியிருக்க வேண்டும். என் தயக்கம் அவளைக் கைவிட்டது." அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. பிறகுதான் தேதியைப் பார்த்தேன்.

செப்டம்பர் 14 எனக்கு எப்படி மறக்கும்? அன்று மூன்றிலிருந்து ஏழு வரை நீ ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் குடிக்காமல் ஆறவிட்ட டீயை இரண்டு தடவை மாற்றி வாங்கி வந்தாய்.

தேதியை மாற்றி எழுதிவிட்டாயா? அப்படியென்றால் திருத்தி அனுப்பு, அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆமை


மார்ச் 13

ஆமைக்கு,

தேதி சரிதான்.

நீ போனில் "பயமா இருக்குடி, வந்துடேன்" என்று அழுதாய். நான் பஸ் ஏறினேன். பஸ்ஸிலிருந்தே அந்தத் தாய்க்குப் போன் செய்தேன். பெண் காய்ச்சலில் தூங்குகிறாள் என்றாள். மறுநாள் ஃபைலில் நேரில் போய்ப் பார்த்ததாக எழுதினேன். கையில் எழுபது கேஸ் வைத்திருப்பவள் ஒரு போனை ஒரு விசிட் என்று எழுதுவது உலகத்தில் நடக்காத காரியமா? நாலே நாளில் காயம் வெளியே வரும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அதன் பிறகு எழுதியதை எப்படி மாற்றுவது?

குறிப்பில் இருக்கும் பாடம் பொய்யில்லை. அந்தப் பெண்ணிடம் நான் பேசியிருக்க வேண்டும். அதைத்தானே எழுதியிருக்கிறேன்?

28-ஆம் தேதி குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை. காப்பகத்தில் இருப்பவளைத் தாயிடமே திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்வார்கள். அவள் வேறு, "அன்னைக்கு யாருமே வரல, நான் தூங்கவும் இல்ல" என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தாய் நான் வந்ததாகவே சொல்லிவிட்டாள், அவளுக்கும் அதுதான் வசதி. பெண்ணுக்குக் காய்ச்சலில் நினைவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தலைக்கு மேல் இருக்கிறது, நீயும் படுத்தாதே. உனக்குத் தேவைப்பட்டபோது நான் நேரம் காலம் பார்க்கவில்லை.

எக்ஸ்பிரஸ்


மார்ச் 17

அன்புள்ள எக்ஸ்பிரஸுக்கு,

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

கூப்பிட்டது நான். அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். நீ வந்ததும் தப்பில்லை. அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வேறு யாரையாவது அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். உனக்கும் தோன்றவில்லை, உன்னைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் நீ எழுதியிருப்பதை யோசித்துப் பார். சின்னத் தப்பை அழகாக ஒப்புக்கொண்டு, பெரிய தப்பை அதன் பின்னால் ஒளித்து வைக்க நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் வரும். இத்தனை வருடப் பயிற்சியில் கற்றுக்கொண்டது இதைத்தானா? நானும் யோக்கியமில்லை. உன் பழைய குறிப்புகளை வரி விடாமல் படித்து, நடை நன்றாக இருக்கிறது என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டவள்தான். ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்தப் பெண் யாரும் வரவில்லை என்றது உண்மை. தூங்கவில்லை என்றதும் உண்மையாகத்தான் இருக்கும். உன் ஃபைல் அவளைப் பொய் சொல்பவளாக்குகிறது. இதில் பொய் சொன்னாள் என்று ஆனவள், சூடு வைத்தது தாயின் இரண்டாம் கணவர் என்று சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்? திருப்பி அனுப்பிவிடுவார்கள், எக்ஸ்பிரஸ். அதே வீட்டுக்கு.

25-க்குள் உன் மேலதிகாரியிடம் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் செப்டம்பர் 14 நாலு மணிக்கு நீ எங்கே இருந்தாய் என்று நான் அவருக்கு எழுதுவேன். எழுதி, உறையில் போட்டும் வைத்துவிட்டேன். உன்னை மிரட்டுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. உன் அளவுக்கு எனக்கு வேறு யாரும் இல்லை, அதுவும் தெரிகிறது.

ஆமை


மார்ச் 29

ஆமைக்கு,

24-ஆம் தேதி சொல்லிவிட்டேன். மேலதிகாரி, பயிற்சிக்கு எடுத்து வைத்திருந்த என் குறிப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "செப்டம்பர்லயே சொல்லியிருந்தா உங்களுக்காக நானே பேசியிருப்பேன்" என்றார். பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் மேசையைக் காலி செய்ய அரை மணி நேரம் ஆனது. பத்தொன்பது வருடத்துக்கு அவ்வளவு போதும் போலிருக்கிறது.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். நேரில் போகவில்லை, போன்தான் செய்தேன் என்றேன். அந்தத் தாய் பார்த்த பார்வையை விடு. பெண் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து திரும்பக் கேட்டார்கள், இந்த முறை பாதியில் யாரும் நிறுத்தவில்லை. அவளை அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை.

வெளியே வராந்தாவில் காப்பகத்து அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அனுமதி கேட்டு அருகில் போய், "அன்னைக்கு நான் வரலம்மா. நீ சொன்னதுதான் நிஜம்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "எங்க போயிருந்தீங்க?"

"என் சிநேகிதி வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு ரொம்ப முடியல. அங்க போயிட்டேன்."

கொஞ்ச நேரம் ஷூ வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அவங்களுக்கு சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா."

"சரி" என்றாள். அவ்வளவுதான். காப்பகத்து அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அண்ணனிடம் சொல்லாதே. நீ செய்தது சரி. நாலு நாளாக எனக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன், சரிதான். ஆனாலும் கொஞ்ச காலத்துக்கு எனக்கு எழுதாதே. கோபம் தீரவில்லை. அது யார் மேல் என்று தெரிந்த பிறகு நானே எழுதுகிறேன்.

எக்ஸ்பிரஸ்