டாங்கோவில் இடிக்கிற கத்தி

தங்காக், மலாயா, ஆவணி 12.

நடனம் சொல்லித்தரும் மேரியைக் கொல்லத்தான் காட்டிலிருக்கும் கெரில்லாக்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஜப்பான்காரனிடம் அவர்கள் ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறாளாம். அவள் நடமாட்டத்தை நோட்டம் பார்க்க, டாங்கோ கற்க வந்தவனாக அவள் வீட்டுக்குப் போனேன். ஒருநாள் போதும், ஒன்பது நாளாகிவிட்டது. அறுபது வயதில் இந்தக் கால்களுக்கு என்ன கேடு?

இன்று கிராமபோனை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, நாளைக்கு அந்தக் கத்திய வீட்டுல வச்சிட்டு வாங்க லா. திரும்புறப்ப என் இடுப்புல இடிக்குது."

முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் ஆடினாள்? எப்போதும் ஐந்து மணிக்கு வரச் சொல்பவள், நாளைக்கு நாலு மணிக்கு என்கிறாள். உள்ளே சிப்பாய்கள் காத்திருப்பார்களோ?

மூன்றரைக்கே எதிர்த் துணிக்கடையில் நின்று பார்க்கவேண்டும்.

கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.