ஒற்றை ஓட்டு விழுந்த பூத்து

மச்சான்,

வீடு முழுக்கக் கறுப்புத் துணி வாசம். சிதம்பரம் கடைவீதியில் மொத்தமாக வாங்கி வந்து, மீன் ஏலம் போடும் இடத்தில் வைத்துக் கிழித்து, வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். கஞ்சியும் சாயமும் கலந்த புதுத்துணி வாசம் மூக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வாசலில் கட்டச் சொன்ன என் பங்குத் துண்டு எதிரே நாற்காலியில் கிடக்கிறது. நாளைக்குத் தேர்தல். ஊர் மறுபடியும் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டது. கடல் அரிக்கிறது, அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் கொட்ட யாரும் வரவில்லை, ஆகவே புறக்கணிப்பு. நீ இருந்தபோது ஊர் சொன்ன அதே காரணம்தான். கடல் மட்டும் அப்போது இருந்த இடத்தில் இல்லை, இன்னும் உள்ளே வந்துவிட்டது.

செத்தவனுக்கு மடல் எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். இருக்கிறவர்களிடம் பேசிப் பேசி அலுத்துவிட்டது. அதனால்தான் உன்னிடம் வந்தேன்.

நம் முதல் தேர்தல் நினைவிருக்கிறதா? உன் கட்சிக்கு நீ ஏஜென்ட், என் கட்சிக்கு நான். பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்றுதான், அதில் ஒரு முனையில் நீ, மறு முனையில் நான். அதிகாரி பெயரை உரக்கப் படிப்பார், வந்திருப்பது அந்த ஆள்தானா என்று நாம் தலையாட்ட வேண்டும். சிங்கப்பூரில் இருக்கிறவன் ஓட்டைப் போட அவன் தம்பி வந்து நின்றபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம். அவன் தன் கட்சிக்காரன் என்று இரண்டு பேருமே நம்பியதுதான் காரணம். மதியம் உன் கட்சிப் பொட்டலத்தையும் என் கட்சிப் பொட்டலத்தையும் பிரித்தால் இரண்டிலும் ஒரே ஓட்டல் தயிர்சாதம். "இதுக்காடா ஒரு மாசமா தொண்ட கிழியக் கத்துனோம்?" என்று நீ கேட்டதில் பூத்து அதிகாரிக்கே புரை ஏறிவிட்டது.

தொகுதியை நீ தெருவைப் போலத் தெரிந்து வைத்திருந்தாய். வடக்கே வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல், நடுவில் சிதம்பரம். இடையில் உப்பங்கழியும் சுரபுன்னைக் காடும். குமராட்சிப் பக்கம் போனால் அடுத்த தொகுதி. அங்கே வெள்ளம் வந்தால் அவர்கள் வேறு ஒருவரைத் திட்டுவார்கள், நமக்கு அந்த உரிமை இல்லை. "டவுன்காரன் ஓட்டு கடைசி ராத்திரியில மாறும். ஆத்தங்கர ஓட்டு வெள்ளம் எந்த வருஷம் வந்துச்சோ அத வச்சி மாறும். நம்ம கடக்கர ஓட்டு வலையில வுழுவுற மீனாட்டம், வந்தா மொத்தமா வரும், போனா மொத்தமா போவும்" என்பாய். மொத்தமாகப் போட்டும் நமக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்டால், "நாலு பக்கமும் தண்ணி. ஓட்டு கேக்க வர்றவனுக்கு மட்டும் எப்பிடியோ ரோடு தெரியுது" என்று சிரிப்பாய்.

தொகுதி ஒரு முறை உன் கட்சிக்குப் போகும், ஒரு முறை என் கட்சிக்கு வரும். தாள் போய் மிஷின் வந்தது. சுனாமியில் அந்தப் பள்ளிக்கூடம் போய், பூத்து புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு மாறியது. நானும் பிழைப்புக்காகச் சிதம்பரம் போய்விட்டேன், ஓட்டும் அங்கே மாறிவிட்டது. நீ மட்டும் கிளைச் செயலாளர் என்ற பட்டத்தோடு கடற்கரையிலேயே இருந்தாய்.

அப்புறம் அந்த முதல் புறக்கணிப்பு. காலையில் டவுனில் ஓட்டைப் போட்டுவிட்டு, ஊர் என்ன ஆகிறது பார்ப்போம் என்று பைக்கில் வந்தேன். படகுகளில் எல்லாம் கறுப்புக் கொடி. பூத்து வாசலில் போலீஸ் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. எதிரே மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. என் விரல் மையைப் பார்த்த ஊர்த்தலைவர், "நீ டவுன்காரன், உன்ன ஊர்க்கட்டுப்பாடு புடிக்காது, குந்து" என்றார். குந்தினேன்.

வெயில் ஏறும் நேரத்தில் நீ வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தாய். உன் மனைவி பின்னால் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாணாம்யா, நாளைக்கி நம்ம புள்ளைங்களோட யாரு பேசுவாங்க?" என்று அழுதாள். தலைவர் எழுந்து நின்றார்.

"அந்தப் படியில உன் காலு பட்டுச்சின்னா இந்தக் கரையில உனக்குப் பங்கு கெடையாது. யோசிச்சிக்க."

"யோசிச்சிட்டுதான் வரேன், மாமா" என்றாய்.

நான் உன் கையைப் பிடித்தேன். கட்சி மேல் உனக்கு இவ்வளவு வெறியா என்று எனக்குக் கோபமே வந்தது. "யாரு எவ்ளோ குடுத்து அனுப்பிச்சாங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நீ கையை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போனாய். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் பேச்சு மூச்சில்லை. அதனால்தான் மிஷின் 'பீப்' என்று நீளமாகக் கத்தியது மணல் வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலமே உன்னைத் தள்ளி வைத்தார்கள். உன்னோடு யாரும் கடலுக்குப் போகக்கூடாது, உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் நிற்கக்கூடாது.

ஓட்டு எண்ணும் இடத்தில் என் கட்சி ஏஜென்டாக நான் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். நம் பூத்து மிஷின் வந்தது. மொத்தமே ஒரு ஓட்டு, அது யாருடையது என்று தொகுதிக்கே தெரியும். இதைவிட வெட்டவெளிச்சமான ரகசிய வாக்கெடுப்பை நான் பார்த்ததில்லை. உன் கட்சிக்காரர்கள் இளித்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி ஒவ்வொரு பெயராகக் காட்டினார். உன் கட்சிக்கு ஒன்றுமில்லை. என் கட்சிக்கும் ஒன்றுமில்லை. சுயேச்சைகளுக்கும் ஒன்றுமில்லை. கடைசியில் நோட்டாவுக்கு ஒன்று.

யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்வதற்காகவா அந்த மணலைத் தாண்டிப் போனாய்?

நேரே உன் வீட்டுக்குத்தான் வந்தேன். நீ வாசலில் தனியாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாத்துக்குடா? ஊரும் அதத்தான சொன்னுது, யாருக்கும் போடாதன்னு?"

நிமிர்ந்து பார்க்கவில்லை நீ. "வூட்ல குந்திக்கினா அது கோவம் இல்ல மச்சான், லீவு. வராதவன செத்தவன் கணக்குல சேத்துட்டுப் போயினே இருப்பான். நான் உசிரோட நேருக்கு நேரா போயி, நீங்க யாரும் வாணாம்னு சொல்லிட்டு வந்தேன். ஊரே வந்து சொல்லியிருந்தா ஆயிரம் தடவ கத்தியிருக்கும் அந்த மிஷினு."

இதைத் தலைவரிடம் போய்ச் சொல் என்றேன். மாட்டேன் என்றாய். நான் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யாருக்குப் போட்டான்றது இல்ல தம்பி, ஊர மீறிப் போனான்ல? சபையில வந்து வுழுந்து கும்புடச் சொல்லு, சேத்துக்கறோம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஊர் ஒன்றாக நின்றதால்தான் புயலிலும் சுனாமியிலும் பிழைத்தோம். நீ கும்பிடமாட்டேன் என்றாய். நோட்டா சேதி கேட்டு உன் கட்சியும் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் அடி வாங்கியவன் இந்தத் தொகுதியிலேயே நீ ஒருத்தன்தான்.

பெண்டாட்டி பிள்ளைகளோடு கடலூர் துறைமுகத்துக்குப் போய், யாருடைய படகிலோ கூலிக்கு ஏறினாய். அங்கேயே நுரையீரல் கெட்டு, அங்கேயே முடிந்தாய். நம் ஊர்ச் சுடுகாட்டுக்கு உன்னைக் கொண்டுவர நான் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. கடலூர் முதுநகர்ப் பக்கம் முன்பின் தெரியாத நாலு பேர்தான் உன்னைத் தூக்கினார்கள். உன் குடும்பத்தைத் தவிர அந்தக் கூட்டத்தில் நம் ஊர்க்காரன் நான் ஒருத்தன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

உன் ஓட்டாலும் கல் வரவில்லை. ஊர்க்கட்டுப்பாட்டாலும் கல் வரவில்லை. அதற்குப் பிறகு ஜெயித்தவர்கள் வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். உன் வீடு இருந்த இடத்தில் இப்போது அலை புரள்கிறது. வேலை ஓய்ந்து நான் ஊருக்குத் திரும்பி, ஓட்டையும் இங்கே மாற்றிக்கொண்டேன். மகன் இங்கே ஃபைபர் போட்டில் பங்குக்குப் போகிறான். அந்தப் பங்கில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

முந்தாநாள் கூட்டத்தில் எழுந்து, எல்லோருமாகப் போய் நோட்டாவை அமுக்கிவிட்டு வருவோம் என்று சொன்னேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன், உன் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துவிட்டது. இப்போதைய தலைவர் சின்னப் பையன், நாம் ஏஜென்டாக இருந்தபோது பிறந்திருக்கவே மாட்டான். "பெரிப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சி, வூட்ல ரெஸ்ட் எடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கறுப்புத் துணிக்கு ஆள் அனுப்பினார்கள்.

எனக்கு வீரம் கிடையாது, உனக்கே தெரியும். உன்னைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கவும் வராது, முட்டி வலிக்கிறது. ஆனால் வீட்டில் படுத்துக்கொண்டு நாளைக்கு நாள் முழுக்க அந்தப் பூத்துக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கோபப்படுவதற்கே சலிப்பாக இருக்கும் இந்த வயதில், மிச்சம் இருப்பது நீ விட்டுப்போன இந்த ஒரு பிடிவாதம்தான். இதைத்தான் இத்தனை வருஷமாகச் சுமக்கிறேன்.

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகனிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு நான் போகப் போகிறேன் என்று. கறுப்புத் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போட்டில் ஏற்றமாட்டார்கள், கடலூருக்குத்தான் போக வேண்டியிருக்கும், எல்லாம் அவனுக்கும் தெரியும். மருமகள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கத்துவான் என்று நினைத்தேன். தட்டில் இருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"காலையில என்னையும் எழுப்பு."

பயமாக இருக்கிறது மச்சான். எழுப்பத்தான் போகிறேன்.