முன்பாதி நான் சொல்கிறேன்

கல்லறையிலிருந்து இப்போதுதான் வந்தேன். முந்தானையில் உருகின மெழுகு காய்ந்து கிடக்கிறது, வீடெல்லாம் அந்த வாசனை. இன்று உனக்கு முப்பதாம் நாள் பூசை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. யாரிடமாவது கத்தவேண்டும் போலிருக்கிறது. உன்னிடம்தானே கத்த முடியும்.

நம் கோயில் இரண்டாகிவிட்டதடி.

எல்லாம் பாட்டால் வந்த வினை. லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்து சில வருஷமாகியும், பிரெஞ்சு சர்க்கார் பென்சன் வாங்கும் குடும்பங்கள் கோயில் மேல்மாடத்தில் நின்று லத்தீனும் பிரெஞ்சும்தான் பாடுவோம் என்று அடம்பிடித்தன. அந்தக் கூட்டத்துக்கு நீ தலைவி. கீழே ஆர்மோனியம், தபேலாவோடு தமிழில் பாடிய எங்களுக்கு நான். எங்களை 'பஜனை கோஷ்டி' என்றார்கள் உன் ஆட்கள். உங்களை 'துரைசாணி கோஷ்டி' என்றோம் நாங்கள். நீயும் நானும் மட்டும் மீன் வாங்கச் சேர்ந்தே போவோம், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

"ஒரே நற்கருணைய வாங்கிட்டு ரெண்டு வாசல் வழியா வெளிய போறோமே, வெக்கமா இல்ல?" என்பாய்.

"அப்ப நீ கீழ எறங்கி வா."

"நீ மேல ஏறி வாயேன்டி!"

அதற்குள் நெத்திலிக்காரி கூப்பிட்டுவிடுவாள், பேச்சு அங்கே போய்விடும்.

அப்புறம்தான் உன் மகள் கல்யாணம் வந்தது. "அத்தை, நீங்க பாடணும்" என்று அவள் என்னிடம் கேட்டாள். மாடிக்காரர்களோ, "எங்க தலைவி மகளுக்கு நாங்க பாடாம யாரு பாடுறது?" என்றார்கள். பங்கு சாமியார் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். இரண்டு பக்கமும் "நாங்கதான் பாடுவோம், சாமி" என்று நின்றோம்.

மணி அடித்ததும் மேலே லத்தீன், கீழே தமிழ், இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பின. ஒருத்தரும் நிறுத்தவில்லை, போட்டிக்குக் குரலை ஏற்றினோம். வாசற்படியில் நின்ற உன் மகள் அழுதேவிட்டாள். "வீட்டுக்குப் போயிடலாம்மா" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டிப்போயிற்று.

அவள் பக்கத்திலிருந்து நீ விறுவிறுவென்று நடந்து வந்தாய். திட்டத்தான் போகிறாய் என்று நினைத்தேன். நட்டநடுவில் பட்டுப்புடவையோடு முழந்தாளிட்டு, தொண்டை கிழிய 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஆரம்பித்தாய். முன்பாதியைச் சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாய்.

முன்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்லி, பால்குடி மறந்த நாளாய் வீட்டு ஜெபத்தில் பழகின வாய் நம்முடையது. ஒருவர் முன்பாதி சொன்னால், மறுபாதியை அந்தரத்தில் விட யாருக்கு மனசு வரும்? பாட்டு நின்றது. மறுபாதியை மாடியிலிருந்து பெரியவர்கள் பழைய வழக்கப்படி 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்றார்கள், கீழே நாங்கள் 'புனித மரியே' என்றோம். முன்னேபின்னே போய், ஆமென் மட்டும் ஒன்றாக விழுந்தது. நீ அடுத்ததை ஆரம்பித்தாய். அந்த ஜெபத்திலேயே உன் மகள் பீடம்வரை நடந்துபோனாள்.

அதன்பிறகு சில வருஷம் மாறிமாறிப் பாடினோம். போன திருவிழாவில் சப்பரத்தை யார் தூக்குவது என்று மறுபடி மூண்டது. இப்போது அவர்களுக்குக் காலைப் பூசை, எங்களுக்கு மாலைப் பூசை. படுக்கையில் கிடந்த உன்னைப் பார்க்கக்கூட நேரம் பிரித்துக்கொண்டல்லவா வந்தார்கள்!

இன்று கல்லறையிலும் அதே கூத்து. உன் ஆட்கள் முதலில் ஜெபித்துவிட்டு, நாங்கள் வருவதைக் கண்டதும் கிளம்பிவிட்டார்கள். 'அவளுக்காகக்கூட ஐந்து நிமிஷம் நிற்க மாட்டீர்களா?' என்று கேட்க வாய் துடித்தது. அதை விட்டுவிட்டு, உன் தலைமாட்டில் நின்று முன்பாதியை உரக்கச் சொன்னேன். பதில் சொல்ல வாயெடுத்த என் ஆட்களைக் கையைக் காட்டி அடக்கினேன்.

கல்லறை வாசல்வரை போனவர்கள் நின்றார்கள். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே மறுபாதியைச் சொல்லி முடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த முதுகுகளை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, அந்தச் சத்தத்தை நினைத்தால் அழுகை வருகிறது. கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அவர்கள் வெளியே வரும்போது, வாசலை மறித்துக்கொண்டு நிற்கப்போகிறேன். முன்பாதியை நான் சொல்வேன். மறுபாதியை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும்.