செவ்வாய்க்கிழமை பெஞ்சுகளைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
சுலேகா கர்மகார்,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்,
காளிதலா சந்து, நீல்காட்,
ஹூக்ளி மாவட்டம், மேற்கு வங்காளம்.

பெறுநர்
சுகாதார அலுவலர் அவர்கள்,
நீல்காட் நகராட்சி.

பொருள்: வார்டு சுகாதார நிலையத்தில் எதிரெதிராகக் கிடந்த இரண்டு மர பெஞ்சுகளை மீண்டும் போட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நன்றி. புதுப்பித்த சுகாதார நிலையம் பளபளவென்று இருக்கிறது. டோக்கன் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது. இரும்பு நாற்காலிகள் எல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. இரத்த அழுத்தம் பார்க்கப் போனால், நாற்காலி சூடாவதற்குள் வேலையை முடித்து அனுப்பிவிடுகிறார்கள். என் புகாரே அதுதான்.

2. முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை என்றால் காலையிலேயே பெஞ்சில் பையைப் போட்டு இடம் பிடிப்போம். செவிலியர் வர நேரமாகும், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. யாருக்கு இரவு நெஞ்செரிச்சல், யாருக்கு எது செரிக்கவில்லை என்பதில் பேச்சு தொடங்கும். ஐப்பசி பிறந்ததுமே குரங்குக் குல்லாய்கள் வந்துவிடும். மண் குவளையில் தேநீர் வரும். யாராவது பொரி கட்டிக்கொண்டு வருவார்கள். எதிர் பெஞ்சுக்காரரோடு சண்டை போட்டுச் சிரித்து முடித்தபின் கையில் பட்டையைக் கட்டினால் என் அழுத்தம் சரியாகவே இருக்கும். இப்போது கூடிவிட்டது. புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது ஐயா, அதை மறைக்க விரும்பவில்லை.

3. எதிர் பெஞ்சுக்காரர் என்று நான் சொன்னது திரு. பிபூதி சாமந்தா அவர்களை. சணல் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். பூர்வீகம் பத்மா நதிக்கரை. எங்கள் குடும்பம் கங்கைக்கரை. எந்த நதியின் இலிஷ் மீன் உசத்தி என்பதில் அவரும் நானும் வாரந்தவறாமல் வாய்ச்சண்டை போடுவோம். கங்கை மீனை நான் புகழ்ந்தால் போதும், குல்லாயைக் கழற்றிவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிவிடுவார். கங்கை மீனில் சேறு நாறுகிறது என்பார். அவர் மனைவி பக்கத்திலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்.

4. அந்த அம்மையார் காலமான சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல நான் வம்புக்கு இழுத்தேன். அவர் தலையாட்டினார். "ஆமா சுலேகா, கங்கை மீனும் நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு பெஞ்சும் அவர் பக்கம் திரும்பின. பட்டை கட்டிப் பார்த்தபோது செவிலியருக்குத் தவறாக எதுவும் தெரியவில்லை. நாங்கள்தான் விடாமல் அவரை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவர் அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டார், பொரியும் தண்ணீருமாக நாளை ஓட்டுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "இனி யாருக்காகம்மா திங்கணும்?" என்று என்னிடமே கேட்டார். அதன்பிறகு ஆளுக்கொரு நாள் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பினோம். மழைக்காலம் முடிவதற்குள் என் மீனை மறுபடி திட்ட ஆரம்பித்தார். அன்று நான் அழுதுவிட்டேன்.

5. இப்போது அந்த இடத்தில் "நோய் இல்லாதவர்கள் இங்கு உட்காரக் கூடாது" என்று பலகை தொங்குகிறது. அது என்னைப் போன்றவர்களுக்குத்தான் என்று புரிகிறது. வாயுத் தொல்லையை எங்கள் ஊரில் யாரும் நோயில் சேர்ப்பதில்லை. பிபூதிபாபுவும் டோக்கன் எடுத்து, தொலைக்காட்சியைப் பார்த்து, அழுத்தம் சரி என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

6. நேற்று ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில் அவரைக் கண்டேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பை காலியாக இருந்தது. வேண்டுமென்றே, கங்கை மீன்தானே உசத்தி என்று கேட்டேன். "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

7. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். கணவனை இழந்தவள், மனைவியை இழந்தவர் வீட்டுக் கதவைத் தனியே தட்டினால் எங்கள் சந்து என்ன பேசும் என்பது தாங்கள் அறியாததல்ல. பெஞ்சில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசினாலும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஆகவே, கிடங்கில் கிடக்கும் அந்த இரண்டு பெஞ்சுகளையும் பழைய இடத்திலேயே போடவும், பலகையை எடுக்கவும் ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். ஆணை வரத் தாமதமாகும் என்றால், நாளைக்கு மட்டும் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகத் திருப்பிப் போட அனுமதி தந்தால் போதும். அவை தரையோடு முடுக்கப்படவில்லை, அசைத்துப் பார்த்துவிட்டேன். நாளை செவ்வாய்க்கிழமை. அவர் வருவார். நான் எதிரில் உட்கார்ந்து, கங்கை மீன்தான் உசத்தி என்று சொல்வேன். இல்லை என்று அவர் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

இடம்: நீல்காட்
தேதி: 08.07.2019

தங்கள் அனுமதிக்காக அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,
சுலேகா கர்மகார்